பலகை மட்டும் போதுமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சட்டம் எழுதி வைப்பதற்கு மட்டும்தானா, கடைப்பிடிப்பதற்கும் உண்டா? இந்தக் கேள்வியைக் கேட்க நீதிமன்றத்திற்குப் போக வேண்டியதில்லை. தூத்துக்குடியில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் முனைக்கு வந்தால் போதும். அங்கே சிவப்பு வட்டத்திற்குள் ‘5 டன்’ என்று எழுதிய பலகை ஒன்று நிற்கிறது. வண்ணம் மங்கிவிட்டாலும் எழுத்து தெரிகிறது. அந்தப் பலகையை உரசாத குறையாக, மூட்டைகளின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வருகின்றன. பகலிலும் வருகின்றன; இரவில் அதிகமாக வருகின்றன.

எங்கள் ஊர் உழைக்கும் ஊர். கடலும் உப்பும் துறைமுகமும் நமக்குச் சோறு போடுகின்றன. 1974ஆம் ஆண்டு தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. உப்பு உற்பத்தியில் குஜராத்திற்கு அடுத்து நிற்பது நம் தமிழ்நாடு. அதிலும் பெரும்பகுதி நம் மாவட்டத்து உப்பளங்களில் விளைவது. கப்பலில் வந்த சரக்கு வெளியூர் போகவும், உப்பளத்தில் விளைந்த உப்பு சந்தைக்குப் போகவும் லாரி வேண்டும். ஆகவே லாரியே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருடைய வீட்டில் அடுப்பு எரியாது.

நான் கேட்பது வேறு. துறைமுகத்திலிருந்து நெல்லைக்கும் மதுரைக்கும் போக அகலமான நாற்கரச் சாலைகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, எதிரெதிரே இரண்டு ஆட்டோக்கள் வந்தாலே ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய தெருவுக்குள் பெரிய லாரி ஏன் வர வேண்டும்? எங்கள் தெருவின் மறுகோடியில் ஒரு கிடங்கு இருக்கிறது. அங்கே வரும் வண்டிகள் சில. தெருவின் வழியே குறுக்கே புகுந்து பெரிய சாலையைப் பிடிக்கும் வண்டிகளோ பல. முதல் வகைக்கு ஒரு காரணமாவது உண்டு. இரண்டாம் வகைக்கு அவசரத்தைத் தவிர வேறு காரணம் ஏது?

இதனால் விளையும் துன்பங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது உறக்கம். 2000ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல்லும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்லும்தான் அளவு. இரவு நேரத்தில் குடியிருப்புப் பகுதிகளில், ஆபத்துக் காலம் தவிர, ஹாரன் அடிக்கவே கூடாது. டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று. பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே ஆறடி தூரத்தில் கியர் மாற்றி உறுமும் லாரிக்கு 45 டெசிபெல் எந்த மூலை? போதாக்குறைக்குத் தெரு திரும்பும் இடத்தில் ஏர் ஹாரன் வேறு.

எங்கள் பக்கத்து வீட்டில் பிறந்து மூன்று மாதமான குழந்தை இருக்கிறது. அதன் தாயார் இரவில் எத்தனை முறை தொட்டிலை ஆட்ட வேண்டியிருக்கிறது என்பதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே நான் எண்ணிவிடுவேன். எதிர்வீட்டுத் தாத்தா இதய நோயாளி. “தூங்க மாத்திரை கொடுத்த டாக்டர், லாரிக்கு ஒரு மாத்திரை கொடுக்கலையே” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் சிரிப்போம். ஆனால் அது சிரிக்கும் செய்தியா? உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலைப் போக்குவரத்தின் இரவு ஒலி சராசரியாக 45 டெசிபெல்லுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. அதை மீறும் ஒலி உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதே அதற்குக் காரணம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் எங்களுக்கோ இரவு உறக்கம் எவ்வளவு அவசியம் என்பதைப் பெற்றோர்கள் அறிவீர்கள்.

பள்ளிக்கூடத்திற்கு வந்தால் அமைதி கிடைக்குமா என்றால், அதற்கும் சட்டம் இருக்கிறது. அதே விதிகளின்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை ‘அமைதிப் பகுதி’யாகக் கொள்ளலாம். அங்கே பகலில் 50 டெசிபெல்தான் எல்லை. ஆனால் சாலையோர வகுப்பில் பாடம் நடத்தும் சிஸ்டர்கள், லாரி கடந்து போகும் வரை சாக்பீஸைக் கையில் பிடித்தபடி காத்து நிற்பதை நாம் எல்லாரும் பார்க்கிறோமே!

இரண்டாவது, சாலை. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார். இன்று அச்சு முறிவதில்லை. அதை இரும்பில் பலமாகச் செய்யக் கற்றுக்கொண்டோம். அதனால் முறிவது சாலையாகிவிட்டது!

இதைப் பற்றி ஒரு சுவையான சோதனை உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், 1958 முதல் 1960 வரை, பலவகைச் சாலைகளைப் போட்டு, பலவகை எடையுள்ள லாரிகளை இராணுவ வீரர்களைக் கொண்டு இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சின் மேல் விழும் எடையின் ஏறக்குறைய நான்காம் படிக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டார்கள். நமது கணிதப் பாடத்தில் வரும் அடுக்குக்குறிதான் இது. எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு அன்று. 2×2×2×2, அதாவது 16 மடங்கு! ஓர் அச்சில் ஒரு டன் சுமக்கும் வண்டியையும், ஓர் அச்சில் 10 டன் சுமக்கும் லாரியையும் ஒப்பிட்டால், லாரியின் ஓர் அச்சு செய்யும் சேதம் 10,000 மடங்கு. ஒரு லாரி ஒரு முறை போனால், பத்தாயிரம் சிறு வண்டிகள் போனதற்குச் சமமான தேய்மானம்.

2018ஆம் ஆண்டு நமது நாட்டில் லாரிகளின் எடை வரம்பை உயர்த்தினார்கள். நான்கு டயர்கள் கொண்ட ஓர் அச்சுக்கு இருந்த 10.2 டன் என்னும் வரம்பு 11.5 டன்னாயிற்று. கூடியது 1.3 டன்தான். ஆனால் அதே நான்காம் படிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சேதம் ஏறக்குறைய 60 விழுக்காடு கூடுகிறது. நெடுஞ்சாலையின் அடித்தளம் கனமாகப் போடப்பட்டது, அது தாங்கலாம். தெருச் சாலையோ சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் காருக்கும் என்று மெல்லிய ஜல்லிப் படுகையின்மேல் போட்டது. அது எப்படித் தாங்கும்? மழைக்கு முன் போட்ட தார், மழைக்குப் பின் குழியாகிறது. குழிக்குக் கீழே என்ன இருக்கிறது? நாம் குடிக்கும் தண்ணீர்க் குழாய். அது விரிசல் விட்டால் தண்ணீர் வீணாவது மட்டுமா? பக்கத்துச் சாக்கடை நீர் குழாய்க்குள் கசியும் ஆபத்தும் வருகிறது. அப்போது லாரியின் எடை நம் வீட்டுக் குடத்திற்குள்ளேயே வந்து விடுகிறது.

மூன்றாவது, வீடுகள். லாரி போகும்போது அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் எங்கள் தெருவில் பழகிப்போன சங்கீதம். பழைய சுண்ணாம்புச் சுவர்களில் கீறல் விடுகிறதே என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. இதற்கு மருந்தாக, “வேகத்தடை போடச் சொல்லுங்கள்” என்று பெரியவர்கள் சிலர் யோசனை சொல்கிறார்கள். அவர்களோடு நான் பணிவுடன் மாறுபடுகிறேன். கனமான வண்டியால் நிலம் அதிர்வதற்குப் பெரும்பாலும் காரணம் சாலையின் மேடு பள்ளமே. சமமான சாலையில் உருண்டு போகும் லாரியை விட, குழியில் இறங்கி மேட்டில் ஏறி ‘தொம்’மென்று விழும் லாரியே அதிகமாக அதிர வைக்கும். வேகத்தடையும் ஒரு மேடுதானே? சைக்கிள்காரரை நிறுத்தலாம், வீட்டுச் சுவரைக் காக்காது. லாரியை மெதுவாக வரச் செய்வதைக் காட்டிலும் வராமல் செய்வதே வழி.

நான்காவதாகச் சொன்னாலும் முதன்மையானது, உயிர். லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன்பக்கத்தை ஒட்டியும், இடப்புறம் முன் சக்கரத்தை ஒட்டியும் நிற்கும் ஒரு சிறு பிள்ளை அவர் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தெரியாதது தெரியாதுதான். எங்கள் தெருவிலிருந்து ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதுகில் பையோடு நடந்தே பள்ளிக்கு வருகிறார்கள். நடைபாதை கிடையாது. லாரி வந்தால் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். வாசற்படி இல்லாத இடத்தில்? அந்த இடத்தை நினைத்துத்தான் தாய்மார்கள் தெருமுனை வரை கூடவே நடக்கிறார்கள். இதோடு புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சின் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டு அறிவித்தது. அகலமான சாலையில் காற்று அதைக் கொண்டு போகும். ஒடுங்கிய தெருவில் அது நம் ஜன்னலைத்தான் தேடி வரும்.

இவ்வளவுக்கும் யார் மேல் குற்றம்? எல்லோரும் உடனே டிரைவரைத்தான் ஏசுகிறார்கள். நியாயம் பேசுகிறவர்கள் அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? ஒரு நாள் மாலை, தெருவில் சிக்கிக்கொண்டு முன்னும் பின்னும் போக முடியாமல் நின்ற லாரியின் டிரைவரிடம் என் தந்தையார், “அண்ணாச்சி, முக்குல போர்டு இருக்கே, பாக்கலியா?” என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பாத்தேன் அண்ணாச்சி. சுத்திப் போனா டீசல் என் கணக்குல விழும். ஏழு மணிக்குள்ள லோடு ஏத்தலேன்னா இன்னைக்கு டிரிப் போச்சு. போர்டு வெச்சவங்களும் கேக்கலை, அனுப்புற முதலாளியும் கேக்கலை. நீங்கதான் முதல்ல கேக்கீங்க.”

அந்தப் பதிலை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நேரத்தையும் குறுக்கி, சுற்றுவழிக்கு டீசலும் கொடுக்காமல் அனுப்பினால், எந்த மனிதரும் குறுக்குவழியைத்தான் தேடுவார். கை அவருடையது, ஸ்டியரிங்கைத் திருப்புவது வேறொருவருடைய கணக்குப் புத்தகம்.

நம் பங்கும் இதில் உண்டு. கோடையில் தண்ணீர் லாரியை அழைப்பது யார்? நாம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன்! வீடு கட்ட மணலும் செங்கல்லும் ஜல்லியும் கொண்டு வருவதும் லாரிதான். அன்று மட்டும் நமக்குப் பலகை தெரிவதில்லை. ஆகவே ‘அவர்கள்’ என்று விரல் நீட்டுமுன், சிறிய வண்டியில் இரண்டு நடையாகக் கொண்டு வர முடியுமா என்று நாமும் கேட்டுப் பழக வேண்டும். தண்ணீரும் மணலும் தெருவுக்கே வர வேண்டியவை. அவற்றுக்குப் பகலில் நேரம் குறித்து அனுமதிக்கலாம். தெருவைச் சுரங்கப் பாதையாக நினைத்துக் கடந்து போகும் வண்டிகளுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று நினைக்க வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, சாலையின் தன்மையை எண்ணியோ, ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகள் போவதைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அப்படித் தடுத்தால் உரிய இடத்தில் பலகை வைக்க வேண்டும். அதை மீறினால் 194ஆம் பிரிவு தண்டிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அபராதம் 20,000 ரூபாய். அளவுக்கு மேல் ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட விடுகிறவரையும் அந்தப் பிரிவு பிடிக்கிறது. சட்டம் எழுதியவர்கள் முதலாளியை மறக்கவில்லை. நாம்தான் மறந்துவிடுகிறோம்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? லண்டன் மாநகரில் 1985ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. இன்றும் அங்கே 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் வார நாட்களில் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரையும், சனிக்கிழமை பிற்பகல் 1 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரையும், குறிப்பிட்ட பெரிய சாலைகளில்தான் போகலாம். உட்தெருவில் சரக்கு இறக்கியே ஆக வேண்டுமென்றால் அனுமதி பெற்று, பெரிய சாலையை விட்டு மிகக் குறைந்த தூரமே உள்ளே வர வேண்டும். மீறினால் டிரைவருக்கும் அபராதம். கம்பெனிக்கோ அதைவிடப் பல மடங்கு. வணிகமும் நிற்கவில்லை, மக்களும் உறங்குகிறார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

முடியும் என்றே நான் நம்புகிறேன். என் சிற்றறிவுக்கு எட்டிய சில வழிகளைக் கூறுகிறேன்.

ஒன்று, பலகை புரியும்படி இருக்க வேண்டும். ‘5 டன்’ என்றால் ஏற்றிய சரக்கின் எடை என்று பலர் எண்ணுகிறார்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையே அது. பெரிய லாரி காலியாக வந்தாலே ஐந்தாறு டன் இருக்கும். ஆகவே எண்ணுக்குக் கீழே, ‘வண்டியும் சரக்கும் சேர்ந்து’ என்று தமிழில் எழுத வேண்டும். அந்தப் பலகை தெருமுனையில் மட்டும் இருந்தால், உள்ளே மூக்கை நுழைத்த பிறகே டிரைவர் படிப்பார். பெரிய சாலையிலேயே, திரும்புவதற்கு முன், மாற்று வழியைக் காட்டி ஒரு பலகை வேண்டும்.

இரண்டு, தெருவுக்குள் இருக்கும் கிடங்குகளுக்குப் பகலில், பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் தவிர்த்து, ஏற்றி இறக்க நேரம் குறிக்க வேண்டும். நாளடைவில் அவை ஊருக்கு வெளியே, பெரிய சாலையை ஒட்டிப் போக வேண்டும். அங்கே வேலை செய்யும் சுமை தூக்கும் தொழிலாளர்களின் பிழைப்பும் கூடவே போகும்படி செய்வதுதான் நியாயம்.

மூன்று, சரக்கு அனுப்புகிறவர் கூலி பேசும்போதே சுற்றுவழிக்கான டீசலையும் நேரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை பலகையே இல்லாமல் தீரும்.

நான்கு, தெருமுனையில் இரும்புக் குறுக்குக் கம்பி நட்டு உயரத் தடை வைக்கலாம் என்று சிலர் கூறுகிறார்கள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வரத் தடையில்லாமல் செய்ய முடியுமானால் மட்டுமே அது சரி. லாரியைத் தடுக்கப் போய் உயிர்காக்கும் வண்டியைத் தடுத்துவிடக் கூடாது.

ஐந்தாவது நம் வேலை. “தெருவில் லாரித் தொல்லை” என்று பொதுவாக எழுதிய மனு கோப்பில் உறங்கும். எந்த நாள், எந்த மணி, எந்தப் பதிவு எண், எந்தத் திசை என்று ஒரு மாதம் ஒரு நோட்டில் குறித்து, தெருவார் அனைவரும் கையெழுத்திட்டு மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் கொடுத்தால், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலான லாரிகளின் பக்கவாட்டில் காலி எடையும் மொத்த எடையும் கிலோ கணக்கில் எழுதியிருக்கும். அதைப் படிக்க ஐந்தாம் வகுப்பு மாணவிக்கும் தெரியும். ஆனால் தோழியரே, ஓடும் லாரியின் அருகே போய்ப் படிக்க வேண்டாம்; வீட்டுத் திண்ணையிலிருந்தே குறியுங்கள். டிரைவரிடம் சண்டைக்கும் போக வேண்டாம். அவரும் யாரோ ஒரு மாணவியின் தந்தை. அவர் பிள்ளையும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தெருவில் உறங்க முயன்றுகொண்டிருக்கும்.

நம் பள்ளியின் குடிமைப் பாடத்தில் உரிமைகளையும் கடமைகளையும் படிக்கிறோம், மதிப்பெண்ணும் வாங்குகிறோம். தெருமுனைப் பலகையும் ஒரு பாடப் புத்தகம்தான். ஒரே ஓர் எண்தான் அதில் எழுதியிருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் உறக்கமும், ஒரு முதியவரின் இதயமும், நடந்து பள்ளிக்கு வரும் சின்னஞ்சிறுமியரின் பாதுகாப்பும் இருக்கின்றன. பலகை வைப்பது அரசாங்கத்தின் கடமை. அதை மதிப்பது வண்டிக்காரரின் கடமை. மதிக்க வழிசெய்வது முதலாளியின் கடமை. மதிக்கிறார்களா என்று கேட்பது நம் கடமை. கேட்பதற்கு ஒருவரும் இல்லாத பலகை, துருப்பிடித்த தகரமாகத்தான் நிற்கும்.

பெற்றோர்களே, இந்த விடுமுறையில் உங்கள் தெருவிலும் ஒரு நோட்டைத் திறப்பீர்களா?